வாசகர் கேள்வி – பதில்: "இங்கே வளர்ந்த பிள்ளை என்று நீதிபதி பார்க்க மாட்டாரா?"

ஆஸ்திரேலியாவில் குற்றத் தண்டனையைக் காரணம் காட்டி விசாவை ரத்து செய்வது பற்றிப் போன இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேறு வேலை ஓடவில்லை. இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே. பெயர்களை எடுத்துவிட்டேன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. நாலு வயதில் எங்களோடு வந்தவன். பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் விசா) இருக்கிறதே, போதும் என்று நாங்கள் குடியுரிமைக்குப் போடாமலே இருந்துவிட்டோம். ஓர் அடிதடி வழக்கில் அவனுக்கு 14 மாதத் தண்டனை, ஏழு மாதத்தில் பரோல் என்றார்கள். இப்போது சிறைக்கே கடிதம் வந்து விசா ரத்து என்கிறார்கள். கோர்ட்டுக்குப் போனால் அவன் இங்கே வளர்ந்த பிள்ளை என்று நீதிபதி பார்க்க மாட்டாரா? (சிட்னியிலிருந்து ஒரு தாய்)

பதில்: அம்மா, கோர்ட் பேச்சு அப்புறம். அந்தக் கடிதம் உங்கள் மகன் கையில் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று முதலில் கேளுங்கள். அடுத்த முறை போன் வரும்போது கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும். அந்தத் தேதியிலிருந்து 28 நாளுக்குள் "ரத்தை நீக்குங்கள்" என்ற கோரிக்கை எழுத்தில் போய்ச் சேர வேண்டும். போகவில்லை என்றால் அதை நீட்டித்துக் கொடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. உங்களுக்கு வந்திருக்கும் எல்லாத் துன்பத்திலும் இப்போதே, இன்றைக்கே கையில் எடுக்கக்கூடியது அது ஒன்றுதான்.

நடந்திருப்பது இதுதான். 1958-ஆம் ஆண்டு குடிவரவுச் சட்டத்தில் 501 என்று ஒரு பிரிவு இருக்கிறது. அமைச்சரோ அவர் பெயரில் அதிகாரியோ, நன்னடத்தைச் சோதனையில் தேறாதவரின் விசாவை ரத்து செய்ய அது இடம் தருகிறது. 2014 டிசம்பரில் அதை இன்னும் இறுக்கினார்கள். ஒருவருக்கு 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, அவர் சிறைக்குள் முழுநேரமாகத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தால், விசாவை ரத்து செய்துதான் ஆக வேண்டும். அதிகாரிக்கு வேறு வழி கிடையாது. பெற்றோர் எங்கே, எத்தனை வயதில் வந்தான், எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தான் என்று அந்தக் கட்டத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள். ஏழு மாதத்தில் பரோல் கிடைப்பதும் கணக்கில் வராது, ஏனென்றால் சட்டம் பார்ப்பது நீதிபதி விதித்த 14 மாதத்தை. "ஏழு மாதம்தானே உள்ளே இருக்கப் போகிறான், எங்களுக்கு இது பொருந்தாது" என்று நினைத்து அந்தக் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இங்கே வளர்ந்த பிள்ளை என்று நீங்கள் சொல்வதற்கு ஓர் இடம் உண்டு, ஆனால் அது கோர்ட் இல்லை. இந்த 28 நாளுக்குள் போகும் கோரிக்கைதான் அந்த இடம். ரத்தை நீக்குவதற்கு "வேறு காரணம்" இருக்கிறதா என்று அதிகாரி பார்த்தே ஆக வேண்டும், அதற்கு அமைச்சர் போட்ட உத்தரவு ஒன்றும் இருக்கிறது. 2024 ஜூனிலிருந்து நடப்பில் இருப்பது 110-ஆம் எண் உத்தரவு. சமூகத்தின் பாதுகாப்பு, நடந்தது குடும்ப வன்முறையா, இந்த நாட்டோடு அவருக்குள்ள பிணைப்பு எவ்வளவு ஆழமானது, இங்குள்ள சிறு குழந்தைகளின் நலன், ஆஸ்திரேலியச் சமூகம் எதை எதிர்பார்க்கும் என்ற ஐந்தையும் முதன்மையாக எடைபோடச் சொல்கிறது அது. இவற்றில் சமூகப் பாதுகாப்புக்குப் பொதுவாகக் கூடுதல் எடை. ஆகவே "என் மகன் நல்லவன்" என்று பொதுவாக எழுதுவதால் ஒன்றும் ஆகாது. அவன் முதலில் சேர்ந்த பள்ளியின் சான்று, வேலைக்கு வைத்திருந்தவரின் கடிதம், அக்காள் பிள்ளைகளோடு அவனுக்கு என்ன உறவு, சிறைக்குள் குடியை விடவோ கோபத்தை அடக்கவோ ஏதாவது வகுப்புக்குப் போனானா, அனுப்பப்படும் நாடு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாதவன் அங்கே யாரை நம்பி இறங்குவான், அந்த ஊர் மொழியை எழுதப் படிக்கத் தெரியுமா என்று ஒவ்வொன்றையும் தாளில் வையுங்கள். குற்றத்தைச் சின்னதாக்கி எழுதாதீர்கள். தண்டனை விதித்த நீதிபதி சொன்ன வார்த்தைகள் அவர்கள் கையில் இருக்கும், உங்கள் கடிதத்தை அதன் பக்கத்தில் வைத்துத்தான் படிப்பார்கள். எல்லா ஆதாரமும் 28 நாளில் திரளாது என்றால் கோரிக்கையை முதலில் அனுப்பிவிட்டு, மிச்சம் பின்னால் வரும் என்று அதிலேயே எழுதுங்கள்.

இதையெல்லாம் இப்படி வற்புறுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பின்னால் கோர்ட் வரைக்கும் போக நேர்ந்தால், "நாங்கள் எழுதியதை அவர்கள் படிக்கவே இல்லை" என்பதுதான் உங்கள் வாதமாக இருக்கும். எழுதாத ஒன்றைப் படிக்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: தீர்ப்பாயம், கோர்ட் என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே? (மெல்போர்னில் படிக்கும் மாணவர்)

பதில்: இல்லை தம்பி. இந்த வேறுபாடு புரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயம் என்பது 2024 அக்டோபர் 14 அன்று பழைய மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் பதிலாக வந்தது. அது அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கும். அங்கே உங்கள் அம்மா சாட்சி சொல்லலாம், மனநல மருத்துவரின் அறிக்கையை வைக்கலாம். "அதிகாரி தவறாக எடைபோட்டார், விசா திரும்பக் கிடைக்க வேண்டும்" என்று முடிவெடுக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. கோர்ட்டுக்கு அது கிடையாது. முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று மட்டும்தான் கோர்ட் பார்க்கும். முடிவு கொடுமையானது, நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பேன் என்று நீதிபதிக்கு மனத்துக்குள் தோன்றினாலும், அந்த ஒரு காரணத்துக்காக அதைத் தள்ள முடியாது.

டென்னிஸ் ஆட்டக்காரர் ஜோகோவிச் விஷயம் நினைவிருக்கிறதா? அது நன்னடத்தைப் பிரிவில் வந்த வழக்கு இல்லை, ஆனால் பாடம் இதுவேதான். 2022 ஜனவரி 6 விடியற்காலை, மெல்போர்ன் விமான நிலையம். காலை எட்டரை வரை பதில் சொல்ல நேரம் தருகிறோம் என்றவர்கள் 7.42-க்கே விசாவை ரத்து செய்துவிட்டார்கள். சொன்ன நேரத்தைக் கொடுக்கவில்லை என்பதை அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது, 10-ஆம் தேதி நீதிபதி அந்த ரத்தைத் தள்ளினார். நான்கே நாளில் அமைச்சர் தனக்குள்ள தனி அதிகாரத்தை எடுத்து மறுபடி ரத்து செய்தார். இந்த முறை மூன்று நீதிபதிகள் அமர்ந்து கேட்டார்கள். 16-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, வழக்குத் தள்ளுபடி. முடிவு புத்திசாலித்தனமானதா என்று பார்ப்பது எங்கள் வேலை இல்லை என்பதை நீதிபதிகள் காரணங்களில் தெளிவாகவே எழுதினார்கள். பத்து நாளுக்குள் ஒரே ஆளுக்கு ஒரு வெற்றி, ஒரு தோல்வி. முதல் முறை நடைமுறையில் ஓட்டை இருந்தது, இரண்டாம் முறை கோர்ட்டால் கண்டுபிடிக்கக்கூடிய ஓட்டை இல்லை. உலகத்தின் முதல் நிலை ஆட்டக்காரர் என்பதால் அதில் எதுவும் மாறவில்லை.

அமைச்சரே நேரடியாகக் கையெழுத்துப் போட்ட முடிவு என்றால் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது, நேராகப் பெடரல் நீதிமன்றம்தான். ஆகவே கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து யாருடையது என்று பாருங்கள், அதிகாரியுடையதா, அமைச்சருடையதா.

கேள்வி: தீர்ப்பாயத்துக்கு ஒன்பது நாள்தான் என்கிறார்களே, உண்மையா? (பெர்த்திலிருந்து)

பதில்: உண்மைதான். ஆஸ்திரேலியாவுக்குள் இருப்பவருக்கு, ரத்தை நீக்க மறுத்த முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஒன்பது நாள், சனி ஞாயிறும் சேர்த்து. பத்தாம் நாள் போனால் கதவு மூடியிருக்கும், தீர்ப்பாயமே நினைத்தாலும் திறக்க முடியாது. அங்கே இன்னும் இரண்டு முடிச்சுகள் உண்டு. முடிவு தெரிவிக்கப்பட்டதிலிருந்து 84 நாளுக்குள் தீர்ப்பாயம் முடிவு சொல்லவில்லை என்றால், பழைய முடிவையே உறுதி செய்ததாக எடுத்துக்கொள்ளப்படும். இன்னொன்று, நம் தரப்புக்கு ஆதரவாக வைக்கும் எந்த ஆவணமும் விசாரணைக்குக் குறைந்தது இரண்டு வேலை நாள் முன்பே அமைச்சர் தரப்புக்கு எழுத்தில் போயிருக்க வேண்டும்.

இந்த இரண்டு நாள் விதி எப்படிக் கடிக்கும் என்று நான் நேரில் பார்த்தேன். விசாரணை நடந்த அறையில் வயதான ஒரு தகப்பனார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பேச அழைத்ததும் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். பேத்தியின் வகுப்பு ஆசிரியை எழுதிக் கொடுத்த கடிதம். அப்பா போனதிலிருந்து குழந்தை வகுப்பில் பேசுவதே இல்லை என்று அதில் இருந்தது. அதைத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ள முடியவில்லை, சட்டம் விடவில்லை. தாளை மறுபடி அதே மடிப்பில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மூன்று நாள் முன்னால் ஒரு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தால் போதும். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

கேள்வி: தீர்ப்பாயத்திலும் தோற்றுவிட்டோம். கோர்ட்டில் எந்த மாதிரிப் பிழை எடுபடும்? (பிரிஸ்பேனிலிருந்து ஒரு மனைவி)

பதில்: சகோதரி, முதலில் நாள் கணக்கு. பெடரல் நீதிமன்றத்துக்கு 35 நாள். இதை நீட்டித்துத் தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும், வழக்கில் சரக்கு இருப்பதாகவும் காட்ட வேண்டும். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

வக்கீல்கள் தேடுவதை 'அதிகார வரம்புப் பிழை' என்பார்கள். சட்டம் கொடுத்த அதிகாரத்துக்கு வெளியே போய் எடுத்த முடிவு என்று பொருள். கேட்பதற்குக் கனமாக இருந்தாலும், வழக்குகளைப் பார்த்தால் உங்களுக்கே பிடிபடும். நீங்கள் தெளிவாக எழுதிய ஒரு முக்கியமான காரணத்தை முடிவெடுத்தவர் கண்டுகொள்ளவே இல்லை என்றால் அது பிழை. கோரிக்கையைப் படித்து, புரிந்து, எடைபோட வேண்டும் என்று ஆஸ்திரேலிய ஹை கோர்ட் 2022-ல் சொல்லியிருக்கிறது. (பெயர்தான் ஹை கோர்ட், அந்த நாட்டின் கடைசி நீதிமன்றம் அதுதான். சுப்ரீம் கோர்ட் என்று அங்கே இருப்பவை மாநில நீதிமன்றங்கள். கடிதம் எழுதுபவர்களில் பாதிப் பேர் இதை மாற்றிப் போடுகிறீர்கள்.) அதே 2022-ல் இன்னொரு வழக்கு. நடுவில் அமைச்சரின் உத்தரவு மாறி, குடும்ப வன்முறைக்குப் புது எடை வந்திருந்தது. அது பற்றிச் சாட்சி சொல்லச் சரியான வாய்ப்புத் தரவில்லை என்பதற்காகத் தீர்ப்பாயத்தின் முடிவைத் தள்ளினார்கள். 2023-ல் வந்தது குயின்ஸ்லாந்து வழக்கு. சிறுவனாக இருந்தபோது செய்த குற்றங்களுக்குத் தண்டனைப் பதிவு வேண்டாம் என்று அந்த ஊர் நீதிமன்றம் விட்டிருந்தது, அவற்றையும் சேர்த்துக் கணக்கில் எடுத்து விசா முடிவு எழுதியிருந்தார்கள். அப்படி எடுக்கக் கூடாது என்று ஹை கோர்ட் சொல்லிவிட்டது. உங்கள் கணவருக்குச் சிறுவயது வழக்கு ஏதாவது இருந்தால் வக்கீலிடம் மறக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைப்பவர்கள் அதிகம்.

பிழை இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பிழை நடக்காமல் இருந்திருந்தால் முடிவு வேறு மாதிரி வந்திருக்க நிஜமான வாய்ப்பு இருந்தது என்றும் காட்ட வேண்டும். இது ரொம்ப உயரமான படி இல்லை என்று 2024 ஏப்ரலில் எல்பிடிடி என்ற எழுத்துகளால் குறிக்கப்படும் வழக்கில் ஹை கோர்ட் தெளிவாக்கியது. வியட்நாமில் பிறந்த ஒருவருடைய விசா ரத்து வழக்கு அது. முடிவு நிச்சயமாக மாறியிருக்கும் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, மாறியிருக்கக்கூடும் என்பது வெறும் கற்பனையாக இல்லாமல் இருந்தால் சரி. அதற்கு முன்னால் பல குடும்பங்கள் இந்தப் படியில்தான் தடுக்கி விழுந்தார்கள்.

எடுபடாதவையும் சொல்லிவிடுகிறேன்: முடிவு கடுமையானது என்பது, புதிதாகக் கிடைத்த நல்ல சான்றிதழ், அவர் இப்போது மாறிவிட்டார் என்பது. கோர்ட் பொதுவாகப் புது ஆதாரத்தை வைத்து ஆளை எடைபோடாது, அன்றைக்கு முடிவெடுத்தவர் முன்னால் என்ன இருந்தது என்றுதான் பார்க்கும். தோற்றால் எதிர்த்தரப்புச் செலவையும் கட்டச் சொல்வது வழக்கம், அதையும் தெரிந்தே இறங்குங்கள்.

கேள்வி: கோர்ட்டில் ஜெயித்தால் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுவாரா? (அவரே மறுபடியும் கேட்டிருக்கிறார்)

பதில்: இதை எழுத மனம் வரவில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். கட்டாய ரத்தில் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்று விசாவை ரத்து செய்த முதல் முடிவு, இன்னொன்று அந்த ரத்தை நீக்க மறுத்த முடிவு. உங்கள் வழக்கு பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது. அதைக் கோர்ட் தள்ளினால், "மறுபடி சட்டப்படி முடிவெடுங்கள்" என்று தீர்ப்பாயத்துக்கோ அமைச்சருக்கோ திரும்பிப் போகும். முதல் ரத்து அப்படியே நிற்கும், ஆகவே அவர் தடுப்பு முகாமில்தான் இருப்பார். முதல் ரத்தே சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பு வந்தால் மட்டும் விசா உயிர்பெறும், வெளியே வரலாம்.

மறுபடி நடக்கும் விசாரணையில் பிள்ளைகளின் புதிய நிலைமை, அவருடைய புதிய சான்றிதழ் எல்லாம் வைக்கலாம் என்பது பெரிய விஷயம். அதற்காகத்தான் கோர்ட் வெற்றிக்கு மதிப்பு. ஆனால் தீர்ப்பாயம் சாதகமாகச் சொன்ன பிறகும், தேச நலன் என்று சொல்லி, நம் தரப்பைக் கேட்காமலே அமைச்சர் அதை மாற்றிப் போட 501பிஏ என்ற பிரிவு இடம் கொடுக்கிறது. ஜெயித்து, வீட்டுக்கு வந்து, சட்டையெல்லாம் அலமாரியில் அடுக்கிய பிறகு மறுபடி கூட்டிக்கொண்டு போகப்படக்கூடும் என்ற பயத்தோடு வாழ்வது எந்தக் குடும்பத்துக்கும் வரக் கூடாதது. கேட்காமலே ஒருவரின் வாழ்க்கையை முடிவு செய்யும் இந்தப் பிரிவு இருக்கவே கூடாது என்பது என் கருத்து, எங்கே கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: சிறைத்தண்டனை முடிந்த பிறகும் நாடு கடத்துவது ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை இல்லையா? (அடிலெய்டிலிருந்து)

பதில்: அனுபவிப்பவருக்கு அப்படித்தான். சட்டத்தின் கண்ணில் இல்லை. மால்டாவில் பிறந்து 1956-ல் மூன்று வயதுக் குழந்தையாக ஆஸ்திரேலியா வந்த ஒருவர் இதே கேள்வியை ஹை கோர்ட்டில் எழுப்பினார். விசா ரத்து தண்டனை ஆகாது, நிர்வாக முடிவுதான் என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அறுபது வருடத்துக்கு மேல் வாழ்ந்த ஊர்! அந்த வாதத்தை நம்பி மறுபடி பணம் செலவழிக்க வேண்டாம்.

கேள்வி: கோர்ட்டுக்குப் போகும் உரிமையையே பாராளுமன்றம் எடுத்துவிட்டால்? (கான்பெராவிலிருந்து)

பதில்: எடுக்கப் பார்த்தார்கள். குடிவரவு முடிவுகளைக் கோர்ட்டில் கேள்வி கேட்கக் கூடாது என்று 2001-ல் சட்டத்தில் எழுதினார்கள். ஆனால் அரசியலமைப்பின் 75-ஆம் பிரிவில், அரசு அதிகாரி சட்டத்தை மீறினால் ஹை கோர்ட்டுக்கு வரலாம் என்று 1901-லிருந்தே ஒரு வரி இருக்கிறது. அதைச் சாதாரணச் சட்டத்தால் அழிக்க முடியாது. அதிகார வரம்பை மீறிய முடிவு சட்டத்தின் பார்வையில் முடிவே இல்லை, அதை இந்தத் தடையால் காப்பாற்ற முடியாது என்று 2003-ல் ஹை கோர்ட் சொன்னது. இந்தப் பக்கத்தில் நான் சொன்ன வழக்கு ஒவ்வொன்றுக்கும் அடியில் அந்த ஒரு வரிதான் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

கேள்வி: என் தம்பி அகதி. திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து என்று ஒப்புக்கொண்டே விசாவை ரத்து செய்திருக்கிறார்கள். காலம் முழுக்க முகாமிலேயே வைப்பார்களா? (பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

பதில்: அப்படி வைக்கலாம் என்று 2004-ல் ஒரு தீர்ப்பு இருந்தது. 2023 நவம்பர் 8 அன்று என்இசட்ஒய்க்யூ வழக்கில் ஹை கோர்ட் அதை மாற்றியது. கண்ணுக்கெட்டிய காலத்தில் அனுப்பிவைக்க நிஜமான வழி இல்லாதவரைத் தொடர்ந்து அடைத்து வைப்பது அரசியலமைப்புக்கு எதிரானது என்றது. வெளியே வந்தவர்களுக்குக் காலில் கண்காணிப்புப் பட்டையும் இரவு ஊரடங்கும் போட்டார்கள், அந்த விதிகளும் 2024 நவம்பரில் செல்லாது என்றானது. அதற்குப் பின் அரசு புதுச் சட்டங்கள் கொண்டுவந்திருக்கிறது, நவூரு போன்ற மூன்றாம் நாட்டுக்கு அனுப்பும் ஏற்பாடும் உண்டு. ஆகவே தம்பியை எங்கேயும் அனுப்ப முடியாது என்று நீங்களாகவே முடிவுகட்டிவிடாதீர்கள், இந்தத் துறையிலேயே இருக்கும் வக்கீல் ஒருவர் அவருடைய கோப்பை இப்போதே பார்க்கட்டும்.

கேள்வி: எங்கள் குடிவரவு முகவரே கோர்ட்டிலும் வாதாடுவாரா? (சிட்னி)

பதில்: மாட்டார். முகவர் பேசுவது குடிவரவுத் துறையிடமும் தீர்ப்பாயத்திலும்தான். கோர்ட்டில் உங்களுக்காகப் பேச வக்கீல் வேண்டும். தடுப்புக் காவலில் இருப்பவருக்குப் பெடரல் நீதிமன்றத்தில் மனுக் கட்டணம் இல்லை, அதற்குப் பணம் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள்.

கேள்வி: எனக்கு இருபது வருட பிஆர். ஒரு வழக்கும் இல்லை. நான் ஏன் இதையெல்லாம் படிக்க வேண்டும்? (மெல்போர்ன்)

பதில்: இருபது வருடமானாலும் பிஆர் ஒரு விசாதான், 501 அதைத் தொடும். குடியுரிமை எடுத்தவரை அந்தப் பிரிவு தொடாது. வீட்டில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை இருந்தால் உங்களுக்கும் அவனுக்கும் குடியுரிமை விண்ணப்பத்தை இந்த வாரமே போடுங்கள்.